ஒரு பள்ளத்தாக்கின் வழியே ஹைட்டி

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுடன் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் நாளிதழ் வாசிப்பு வகுப்பில், சில வாரங்களாகக் கரீபிய நாடான ஹைட்டியைப் பற்றிப் படித்துவருகிறோம். நிலநடுக்கம், புயல், காலரா, ஆயுதக் கும்பல் என்று அந்நாட்டைச் செய்திகள் துயரங்களின் வரிசையாகவே காட்டுவதால், பிள்ளைகளும் அதை யாரும் காரணமல்லாத தலைவிதி என்று எண்ணி, இரக்கப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அந்த இரக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஆகவே நாட்டின் நெற்களஞ்சியமான ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே நேர்ந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு வழிவகுத்த முடிவை எடுத்தவர் யார் என்று எழுதச் சொன்னேன்.

பழைய வரலாற்றை விரைவாகவே கடந்தோம். பிரான்ஸின் ஆட்சிக்கு எதிராக அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற அந்நாட்டிடம், 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது பிரான்ஸ். தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது என்றாலும், அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது.

அரிசிக் கதைக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. எங்கள் ஊர் டெல்டாவில் இருப்பதால், நெல் விலை விழுந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1980களின் தொடக்கம் வரை தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த ஹைட்டி, அமெரிக்காவும் சர்வதேச நிதியமும் கொடுத்த அழுத்தத்தால் 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்க அரசின் மானியத்தோடு விளைந்து மலிவாக வந்திறங்கிய அரிசியுடன் ஆர்ட்டிபோனிட் உழவர்களால் போட்டியிட முடியவில்லை. பலர் நிலத்தைக் கைவிட்டுத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் நெருக்கடியான குடிசைப் பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்நகரத்தைத்தான் 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் தாக்கியது. இரண்டு மாதம் கழித்து, அந்த வரிக்குறைப்பு தம் மாநிலமான ஆர்கன்சாவின் உழவர்களுக்கு உதவியிருக்கலாம், ஆனால் ஹைட்டிக்கு அது தவறாகவே முடிந்தது என்று அமெரிக்க செனட் குழுவின் முன், 1995இல் அதிபராக இருந்த பில் கிளிண்டன் ஒப்புக்கொண்டார். அவரைப் பாராட்டலாமா என்று வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. வயலும் உழவரும் போன பிறகு வந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்பதே என் கேள்வி.

அதே ஆண்டு அக்டோபரில் மிர்பலே நகருக்கு அருகே காலரா தொடங்கியது. அதற்கு முன் குறைந்தது ஒரு நூற்றாண்டாக ஹைட்டியில் காலரா பதிவானதில்லை. ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் தங்கியிருந்த முகாமின் கழிவு ஒரு சிற்றாற்றில் கலந்து, அங்கிருந்து ஆர்ட்டிபோனிட் ஆற்றை அடைந்தது என்பதைப் பிரெஞ்சுத் தொற்றுநோயியலாளர் ரெனோ பியாரூவின் ஆய்வு தடம்பிடித்துக் காட்டியது. 8 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். ஐ.நா. பல ஆண்டுகள் பொறுப்பை மறுத்தது. பாதிக்கப்பட்டோர் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, ஐ.நா. மீது வழக்குத் தொடர முடியாது என்ற சட்டவிலக்குரிமையைக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்யப்பட்டது. 2016 டிசம்பரில் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டு 40 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அந்தப் பணத்தை நாடுகள் விரும்பினால் கொடுக்கலாம் என்பதே ஏற்பாடு. ஆகவே அதில் சிறு பகுதிதான் சேர்ந்தது. இதைக் கேட்ட மாணவி ஒருவர், “அப்படியென்றால் மன்னிப்பு மட்டும் ஏன் சார்?” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை.

இப்போதைய வன்முறைக்கு வந்தபோது, எல்லாருடைய பட்டியலிலும் ‘கும்பல்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று ஆர்ட்டிபோனிட்டின் போன்-சோண்டே ஊரில் 70க்கும் மேற்பட்டோரைக் கொன்றது கிரான் கிரிஃப் கும்பல். பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். 2025 மார்ச் இறுதியில் வேறு கும்பல்கள் மிர்பலேயைத் தாக்கியதால், 2013இல் திறக்கப்பட்ட அந்நகரின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை செயல்பட முடியாமல் போயிற்று. ஹைட்டியில் துப்பாக்கித் தொழிற்சாலை கிடையாது. கும்பல்களின் ஆயுதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்படுபவை. கிரான் கிரிஃபின் தொடக்கத்தைத் தேடினால், தேர்தலில் வெல்லவும் தொகுதியைத் தன் பிடியில் வைத்திருக்கவும் இளைஞர்களுக்கு ஆயுதம் கொடுத்தார் என்று அமெரிக்க நிதித்துறை குற்றம்சாட்டும் முன்னாள் மக்களவை உறுப்பினர் புரோஃபான் விக்டரிடம் போய் நிற்கிறோம். போன்-சோண்டே படுகொலைக்கு எட்டு நாட்களுக்கு முன்புதான் அவர் மீதும் கும்பலின் தலைவர் மீதும் அத்துறை தடை விதித்தது.

பட்டியலில் அந்தப் படுகொலைக்கு எதிரே யார் பெயரை எழுதுவது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அடுத்த சனிக்கிழமை, வீடிழந்து உள்நாட்டிலேயே அலையும் பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்களையும், அண்டை நாடான டொமினிக்கன் குடியரசு திருப்பி அனுப்புகிறவர்களையும் பற்றிப் படிக்கவிருக்கிறோம்.