டென்வரில் ஃப்ளை கட்டிப் பிழைக்கலாமா?

ஃப்ளை என்றால் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் கட்டும் தூண்டில் இரை. அதற்கான இறகுக்காக டென்வர் தூண்டில் கடைச் சுவரில் தொங்கும் பறவைக் கழுத்துத் தோலைப் பார்த்தால் நம்மவருக்குத் தூக்கிவாரிப் போடும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் சாலைக்குக் குறுக்கே ஓடுமே, அதே சாம்பல் காட்டுக்கோழி! மெழுகு பூசினாற்போல் மின்னும் இறகுக்காக, நல்ல தரத் தோல் 100 டாலரைத் தாண்டும். இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்குத் தடை என்பதால் வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தது.

பக்கத்து அலமாரியில் இன்னொரு ஊர்ச் சொந்தம்: கட்டும்போது கொக்கியைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் என்ற இடுக்கி. விலை குறைந்தவற்றில் பல இந்தியத் தயாரிப்பு. பாசத்தில் வாங்கிவிடாதீர்கள். தாடை மென்மையான இரும்பு. பெரிய கொக்கிகளைப் பிடித்துப் பிடித்துப் பள்ளம் விழும், அப்புறம் பொடிக் கொக்கி நிற்காது. இங்கே சவுத் பிளாட் ஆற்றில் குளிர்காலம் முழுக்க எடுபடுவது 20 முதல் 24 எண் வரையான பொடிக் கொக்கியில் கட்டும் மிட்ஜ், அதாவது கொசுபோன்ற பூச்சி ஃப்ளைதான். கடையிலேயே சோதியுங்கள்: 20ஆம் எண் கொக்கியின் வளைவைத் தாடையில் கொடுத்து, கொக்கியின் நூல் கோக்கும் கண்ணைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கம்பி வளையலாம், கொக்கி நழுவக் கூடாது. கொக்கி அளவு மாறும்போது தாடையின் இடைவெளியையும் மாற்ற வேண்டும். அப்படியே லீவரை அமுக்கினால் தாடை நுனி தெறித்துவிடும்.

மல்லிகை தொடுத்துப் பழகிய விரலுக்கு முடிச்சு சீக்கிரம் வரும். ஸீப்ரா மிட்ஜ் என்ற வகைக்கு 1.5 மி.மீ. டங்ஸ்டன் மணி, 70 டெனியர் கறுப்பு நூல், மெல்லிய வெள்ளிக் கம்பி போதும். விற்பதற்குக் கட்டினால் முதலில் எல்லாக் கொக்கியிலும் மணி கோத்துவிடுங்கள். ஒரே அளவு, ஒரே வகை, நூல் சுற்றும் எண்ணிக்கையும் ஒன்றே. கடைக்காரர் டஜனைக் கையில் கொட்டிப் பார்ப்பார். ஒன்று தடித்திருந்தாலும் அதுதான் அவர் கண்ணில் படும்.

இனி வயிற்றெரிச்சல். மணிக்கு ஒரு டஜன் கட்டுகிறீர்கள், ஃப்ளை ஒன்றுக்குக் கடை 1.25 டாலர் தருகிறது என்று வையுங்கள்: 15 டாலர். பொருளுக்கு ஒன்றுக்கு 45 சென்ட், 5.40 போச்சு. கட்டி விற்பவர் சட்டப்படி உற்பத்தியாளர். விற்ற விலையில் 10 சதவீதம் கூட்டரசு கலால் வரி, காலாண்டுக்கு ஒருமுறை 720ஆம் படிவம். 1.50 அதில். மிச்சம் 8.10. டென்வரில் 2024இன் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 18.29! போட்டிக்குக் கென்யா, தாய்லாந்து, நம் பக்கத்து இலங்கையிலிருந்து கட்டி வருபவை வேறு. கடையை விட்டு மீன்பிடிப்பவருக்கே நேரடியாக விற்றாலோ, வகுப்பு எடுத்தாலோதான் கட்டுபடியாகும்.

அதற்கும் விசா இடம்கொடுக்க வேண்டும். எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்-4இல் இருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் விற்கக் கூடாது. துணையின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலான பிறகே பெரும்பாலும் அதற்கு விண்ணப்பிக்க முடியும். எச்-1பி-க்காரரும் சொந்தத் தொழிலாகச் செய்ய முடியாது. அதுவரை நண்பர்களுக்கு இனாம்.

பனி பழகிவிட்டது, ஊர் நினைப்பு குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், பிரின்ஸ் நிம்ஃப் என்ற ஃப்ளையைக் கட்டும் வரை. அதன் உடல் மயிலிறகு இழை. பழனிக் காவடியில் அசையுமே, அதேதான். அம்மாவைப் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள், அதற்கும் ஏற்றுமதித் தடை. கடையில் வாங்கி, மூன்று நான்கு இழையைச் சேர்த்துச் சுற்றி, மேலே கம்பியை எதிர்த்திசையில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ட்ரவுட் மீனின் பல்லில் அறுந்துவிடும். வைஸ் சுழலச் சுழல அந்தப் பச்சை மின்னும்போது கை தானாக நிற்கும். டஜனுக்கு ஐந்து நிமிடமாவது அதில் போகும். கூலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.