மாக் ட்ரையல்: சாட்சிக் கூண்டில் தொடங்கிய என் ஆண்டு

அமெரிக்காவில் இளங்கலை படிக்க வரும் நம் பிள்ளைகள் பலருக்கு, மாணவர்களே வக்கீலாகவும் சாட்சியாகவும் நின்று வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டியான மாக் ட்ரையல் என்றாலே அது சட்டம் படிக்கப் போகிறவர்களின் வேலை என்ற எண்ணம். நான் கணித மாணவி. எங்கள் அணியில் வேதியியல், நாடகம் படித்தவர்களும் இருந்தார்கள். தயங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1985இல் தொடங்கிய அமெரிக்கன் மாக் ட்ரையல் அசோசியேஷன், ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு கற்பனை வழக்கை வெளியிடுகிறது. தேசிய இறுதிப் போட்டியைத் தவிர, அந்தக் கல்வியாண்டு முழுக்க நாடெங்கும் எல்லா அணிகளும் வாதாடுவது அந்த ஒரே வழக்கைத்தான். அது நடப்பது மிட்லண்ட்ஸ் என்ற இல்லாத மாநிலத்தில். சாட்சிகளின் அஃபிடவிட் (சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த வாக்குமூலம்), ஆவணங்கள், சாட்சிய விதிகள் எல்லாம் கட்டாகக் கைக்கு வந்துவிடும். வெளியே போய் எதையும் தேட வேண்டியதில்லை.

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் ஒரு சின்ன வாதவுரையும் ஒரு சாட்சி வேடமும் செய்யச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது சாட்சி வேடம். வக்கீலாக நிற்கத்தான் ஆசைப்பட்டிருந்தேன். ஆனால் மதிப்பெண் தாளைப் பார்த்ததும் தெளிவு வந்தது. ஒவ்வொரு தரப்புக்கும் பதினான்கு இனங்கள், இனத்துக்குப் பத்து மதிப்பெண். அதில் ஆறு இனங்கள் சாட்சிகளுடையவை. மூன்று சாட்சிகள், ஒவ்வொருவருக்கும் முதல் விசாரணையில் ஒன்று, குறுக்கு விசாரணையில் ஒன்று. சாட்சி சொதப்பினால் எவ்வளவு பெரிய வக்கீலாலும் காப்பாற்ற முடியாது.

அஃபிடவிட்டில் இல்லாத முக்கியமான விஷயம் எதையும் சாட்சி புனைந்து சொல்லக் கூடாது. மீறினால் எதிர்த்தரப்பு வக்கீல் அஃபிடவிட்டோடு எழுந்து வருவார். "இது உங்கள் வாக்குமூலம்தானே? சத்தியம் செய்து கையெழுத்திட்டீர்களா? இந்த வரியை நான் படிக்கிறேன், சரியாகப் படிக்கிறேனா என்று பாருங்கள்." படித்து முடித்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 'அப்படியானால் ஏன் மாற்றிச் சொன்னீர்கள்?' என்று நல்ல வக்கீல் கேட்கவே மாட்டார். அந்த 'ஏன்' சாட்சி தப்பித்துப்போகத் திறந்துவிடும் கதவு. கூண்டில் உட்கார்ந்து இதைப் பலமுறை அனுபவித்ததால்தான், பிறகு நானே குறுக்கு விசாரணை செய்தபோது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆட்சேபணைகள்தான். "அவர் 'ஓடு, தீப்பிடித்துவிட்டது' என்று கத்தினார்" என்று சாட்சி சொன்னதும் எதிர்த்தரப்பு "ஹியர்சே" என்று எழும்; நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் சொன்னதை, அது உண்மை என்று நிரூபிக்கச் சொல்வதுதான் ஹியர்சே. தீப்பிடித்தது உண்மை என்று நிரூபிக்க அதைச் சொல்லவில்லை, கேட்டவர் ஏன் ஓடினார் என்று காட்டத்தான் என்று பதில் சொல்ல வேண்டும். யோசிக்கக் கிடைப்பது சில விநாடிதான். எழுதி மனப்பாடம் செய்த எதுவும் அப்போது உதவாது. எதிரில் இருப்பவர் சொன்ன சொல்லை அப்படியே காதில் வாங்கியிருக்க வேண்டும். ஒரு வருடப் பயிற்சியில் நான் பெற்றதில் இதுதான் பெரியது.

போட்டி ஒன்றில் நான்கு சுற்றுகள், இரு தரப்பிலும் இரண்டிரண்டு. நேற்று குற்றவாளி என்று வாதாடியவரையே இன்று நிரபராதி என்று சொல்ல வேண்டியிருக்கும். பிப்ரவரி மண்டலப் போட்டியில் ஒரே குறுக்கு விசாரணைக்கு ஒரு நடுவர் ஒன்பது போட்டார், பக்கத்திலிருந்தவர் ஆறு. மனம் நொந்தது உண்மைதான். நிஜ ஜூரியிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவர் ஒரே மாதிரி கேட்பதில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். மார்ச் மாத அடுத்த கட்டத்துக்கு நாங்கள் தேறவில்லை.

சேர நினைப்பவர்கள் செமஸ்டர் தொடங்கியதுமே விசாரியுங்கள். பல கல்லூரிகளில் அணித் தேர்வு முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். சட்டம் படித்துவிட்டு வர வேண்டாம். தேர்வுக்கு முன்பு ஏதாவது ஒரு அஃபிடவிட் கிடைத்தால் நண்பரிடம் கொடுத்து, குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லி, ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லிப் பாருங்கள். சாட்சி வேடம் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.