போர்ட் 22-க்கு அனுமதி உண்டு, ஆனாலும்...

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரை நிர்வகிப்போருக்கான ஏஇசட்-104 தேர்வுக்குப் படிக்கிறேன். காலையில் ஒரு மாதிரித் தேர்வுக் கேள்வி. விர்ச்சுவல் மெஷினின் (கிளவுடில் ஓடும் கணினி) நெட்வொர்க் கார்டில் போர்ட் 22-க்கு, அதாவது எஸ்எஸ்எச் வரும் வாசலுக்கு, அனுமதி இருக்கிறது. ஆனாலும் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் இணைப்பு) கிடைக்கவில்லை. ஏன்?

விடையைப் பார்க்காமல், அஸூரில் அதை அப்படியே கட்டிப் பார்த்தேன்.

உள்ளே வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டு) முதலில் சப்நெட்டின், அதாவது அந்த மெஷின் இருக்கும் நெட்வொர்க் பகுதியின், பாதுகாப்புக் குழு சோதிக்கிறது. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகளின் தொகுப்புதான் பாதுகாப்புக் குழு. அப்புறம்தான் நெட்வொர்க் கார்டின் குழு. இரண்டுமே அனுமதித்தால்தான் பாக்கெட் உள்ளே போகும்.

சப்நெட்டின் குழுவில் நாம் எதுவுமே எழுதாவிட்டாலும், 65500 என்ற எண்ணோடு ஒரு தடை விதி அங்கே இருக்கிறது. அதை அழிக்க முடியாது. 100 முதல் 4096 வரைக்குள் ஒரு எண் கொடுத்து அனுமதி எழுதினால், அது முந்திக்கொள்ளும். சிறிய எண்தான் முதலில். பொருந்திவிட்டால் மற்றவற்றைப் பார்ப்பதே இல்லை.

எழுதினேன். இணைப்பு வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்!

ஏஇசட்-104 தேர்வில் தேற 1000-க்கு 700 போதும். கேள்வி பதிலை மனப்பாடம் செய்தாலே எட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிஜத்தில் சர்வர் நின்றுபோகும்போது நான்கு விடைகள் கொடுத்து யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது விநெட் பியரிங், அதாவது அஸூரில் இரண்டு விர்ச்சுவல் நெட்வொர்க்குகளை நேரடியாக இணைப்பது. ஏ, பி, சி என்ற மூன்று நெட்வொர்க்குகளில் ஏ-வும் பி-யும், பி-யும் சி-யும் இணைந்திருந்தும் ஏ-விலிருந்து சி-க்கு ஏன் தானாகப் போக முடியாது? அதையும் கட்டித்தான் பார்க்கப் போகிறேன்.