பேந்தியான் பிளஸ் தரவில் இருள் ஆற்றலைக் கணக்கிடுவது: எங்கே சறுக்கும்?

பிரபஞ்சத்தில் பொருள் எவ்வளவு, அதன் விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். 2022-இல் வெளியான பேந்தியான் பிளஸ் தொகுப்பும் பைத்தான் ஓடும் மடிக்கணினியும் போதும். 1550 ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்களின் (ஏறத்தாழ ஒரே உள்ளொளியோடு வெடிக்கும் விண்மீன்கள்) 1701 ஒளிவளைவுகள், அதாவது நாளுக்கு நாள் ஒளி மாறும் பதிவுகள், அதில் உண்டு; ஒரு பதிவுக்கு ஒரு வரி. செம்பெயர்ச்சியிலிருந்து (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) மாதிரி சொல்லும் தொலைவைக் கணக்கிட்டு, பார்த்த ஒளிர்வோடு ஒப்பிடும் சூத்திரம் எளிது, சறுக்கல் கோப்பைத் திறக்கும்போதே ஆரம்பிக்கிறது.

வரிகளின் பிழைகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்று சொல்லும் கோவேரியன்ஸ் கோப்பின் முதல் வரியில் இருப்பது 1701 என்ற அளவு மட்டும். அதை நீக்கிவிட்டு, மீதி 28,93,401 எண்களை 1701×1701 மேட்ரிக்ஸாக்க வேண்டும். அட்டவணையிலேயே ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிழையளவு இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது படம் வரைய மட்டும். தொகுப்பை வெளியிட்டவர்களே பெரிய எழுத்தில் எச்சரித்திருக்கிறார்கள். ஒரே சூப்பர்நோவாவைப் பல தொலைநோக்கிகள் பார்த்திருக்கும், ஒரு தொலைநோக்கியின் அளவுத்திருத்தம் பிசகினால் அதன் எல்லா வரிகளும் சேர்ந்து நகரும். இந்தத் தொடர்பெல்லாம் மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்துக்கு வெளியேதான் பதிவாகியிருக்கிறது. மேட்ரிக்ஸின் வரிசையும் அட்டவணையின் வரிசையும் ஒன்றே, அதனால் அட்டவணையை வரிசை மாற்றவும் கூடாது.

அடுத்து, செம்பெயர்ச்சி 0.01-க்குக் கீழுள்ளவற்றை விலக்க வேண்டும். விண்மீன் மண்டலங்களுக்குச் சொந்த ஓட்டமும் உண்டு. அது நொடிக்கு 300 கி.மீ. என்றால், செம்பெயர்ச்சி 0.005-இல் தொலைவு 20 சதவீதம் பிசகும், 0.1-இல் ஒரு சதவீதம்தான். விலக்கிய பிறகு 1590 வரிகள் நிற்கும். மேட்ரிக்ஸிலும் அதே வரிகளையும் பத்திகளையும் முதலில் நீக்கி, அப்புறம்தான் தலைகீழாக்க (இன்வர்ஸ் எடுக்க) வேண்டும். மாற்றிச் செய்தாலும் விடை ஒன்று வரும், நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் தப்பு. அதனால்தான் இது ஆபத்து.

ஹபிள் மாறிலியையும் (பிரபஞ்சம் இன்று விரியும் வேகம்) சூப்பர்நோவாவின் உள்ளொளியையும் சேர்த்துத் தேடினால், பொருந்தும் மதிப்புகளைத் தற்செயல் அடிகளால் தேடும் எம்சிஎம்சி நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், நிலைக்காது. இரண்டும் சூத்திரத்தில் ஒரே கூட்டல் எண்ணாகத்தான் வருகின்றன. ஒன்று ஏறினால் மற்றது ஈடுகட்டிவிடும். அந்தக் கூட்டல் எண்ணின் எல்லா மதிப்புகளின் மீதும் தொகையிட்டு (இன்டக்ரேட் செய்து) அதை நீக்கிவிடுங்கள்.

தட்டைப் பிரபஞ்சத்தில் (வெளிக்கு வளைவு இல்லை என்று வைத்தால்) பொருளின் பங்கு 0.334, பிழை 0.018 என்று வர வேண்டும். மீதிதான் இருள் ஆற்றல். சரிபார்க்க, பொருளை 1 என, அதாவது இருள் ஆற்றலே இல்லை என வைத்து ஒருமுறை வரையுங்கள்: செம்பெயர்ச்சி 0.5-இல் சூப்பர்நோவாக்கள் அந்தக் கோட்டைவிட ஏறத்தாழ 0.37 மேக்னிடியூட் (ஒளிர்வின் அலகு) மங்கலாக நிற்கும். ஹபிள் மாறிலியும் வேண்டுமென்றால், செஃபீட் (ஒளி ஏறி இறங்கும் காலத்தை வைத்துத் தொலைவு சொல்லும் விண்மீன்) தொலைவு தெரிந்த 77 வரிகளும் வேண்டும், அவற்றில் விலக்கியவற்றைத் திரும்பச் சேருங்கள். அந்த 77-க்கும் மாதிரியின் தொலைவுக்குப் பதில் செஃபீட் தொலைவைப் போடுங்கள்.