2 ஜிபிக்கு மேல் போனால் வாயைத் திறக்காது

மதுரையில் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது பழைய டிஜிட்டல் கேமராவுக்கு அலையோ அலை என்று அலைகிறார்கள். அப்பா 2004-ல் வாங்கி பீரோவுக்குள் போட்டுவிட்ட கோடாக், அக்கா கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த சோனி, எங்கேயோ பரிசாகக் கிடைத்த ஒலிம்பஸ், எல்லாம் வெளியே வந்து மகால் தூணுக்கும் தெப்பக்குளம் படிக்கட்டுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. போன் எல்லா முகத்தையும் தானே வெளுத்து வழவழப்பாக்கிவிடுகிறது, இந்தப் பழைய சிசிடி (பழைய வகை சென்சார்) கேமராக்கள் அந்த வேலையெல்லாம் பார்ப்பதில்லை, அதனால் பிடித்திருக்கிறது என்கிறார்கள். எனக்கும் அதே கிறுக்கு கொஞ்ச வருஷமாக இருப்பதால் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி: “அண்ணே, பேட்டரி போட்டேன், ஆன் ஆகுது, புது 32 ஜிபி கார்டு போட்டா மட்டும் கார்டு எரர்னு வருது. கேமரா போச்சா?”

கேமரா போகவில்லை. கார்டு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கேமராக்கள் பலவற்றில் படத்தைச் சேமிக்கப் போடும் எஸ்டி மெமரி கார்டு 1999-ல் வந்தது. சான்டிஸ்க், பானாசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தவை. அந்த முதல் தலைமுறை 2 ஜிபி வரைதான். 2006-ல் எஸ்டிஹெச்சி வந்தது, 4 முதல் 32 ஜிபி வரை. 2009-ல் எஸ்டிஎக்ஸ்சி, அது அதற்கும் மேலே. மூன்றும் பார்க்க அச்சு அசலாக ஒன்றுதான், அதே நீளம், அதே தடிமன், அதே ஸ்லாட்டில் அதே டிக் சத்தத்தோடு உட்காரும், பிரச்சினையே அங்கேதான். உள்ளே பேசுகிற முறை வேறு. பழைய கார்டிடம் கேமரா ‘இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு’ என்று கேட்கும். எஸ்டிஹெச்சி கார்டு 512 பைட் கொண்ட பிளாக் கணக்கில்தான் பேசும். அது மட்டுமில்லை, கேமரா ஆன் ஆனதும் ‘எனக்குப் பெரிய கார்டும் தெரியும்’ என்று முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2006-க்கு முன்னால் வந்த கேமராவுக்கு அந்த வார்த்தையே தெரியாது, அது சொல்லாதவரை கார்டும் தயாராகாது. திரையில் கார்டு எரர்.

இதனால்தான் யூடியூபில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த யோசனை, அதாவது 32 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு 2 ஜிபி அளவுக்கு மட்டும் ஒரு பார்ட்டிஷன், அதாவது தனிப் பிரிவு, போட்டு ஃபார்மட் செய்தால் பழைய கேமரா எடுத்துக்கொள்ளும் என்பது, எஸ்டி கேமராவில் நடக்காது. பார்ட்டிஷன் என்பது கார்டுக்குள் எழுதி வைத்திருக்கிற கணக்கு. கேமரா அந்தக் கணக்கைப் படிக்கிற இடத்துக்கே போகவில்லையே, வாசலிலேயே நின்றுவிட்டதே. அந்த யோசனை எங்கே பலிக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, 2 ஜிபி கார்டுக்கு எங்கே போவது? புதிதாகக் கிடைப்பது அரிது, ஆன்லைனில் வருவதில் பாதி நம்ப முடியாதவை. மதுரைக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலம் ஞாபகம் இருக்கும். நோக்கியாவும் சைனா செட்டும் ஓடிய காலத்தில் ஒரு சின்ன மைக்ரோ எஸ்டியில் இளையராஜா, சாமி பாட்டு, காமெடி எல்லாம் அடைத்துக் கொடுத்தார்கள், பெரும்பாலும் அவை 1 ஜிபி, 2 ஜிபி கார்டுகள். அவை இன்னும் இருக்கின்றன. டவுன்ஹால் ரோடு பக்கம், மீனாட்சி பஜாருக்குள், அப்புறம் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பழைய சர்வீஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நான் போன ஒரு கடையில் தம்பி முதலில் சிரித்தார்.

“என்னண்ணே, இன்னுமா 2 ஜிபி? 64 ஜிபி தாரேன், கம்பெனி கார்டு.”

“பெருசு வேணாம் தம்பி. சின்னதுதான் வேணும்.”

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காகிதத்தில் கவிழ்த்தார். நகக்கண் அளவு கறுப்புத் துண்டுகள், சிம் கார்டு சில, ஸ்குரூ சில, ஒரு பல்லில்லாத சீப்பு எப்படி வந்ததோ தெரியவில்லை. எழுத்து தேய்ந்து போனவற்றை லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ‘ஹெச்சி’ என்று ஒரு சின்ன முத்திரை இருந்தால் ஒதுக்கிவிடலாம். முத்திரை இல்லாமல் 2 ஜிபி, 1 ஜிபி, 512 எம்பி என்று இருப்பவைதான் நமக்கு. ஒரு மைக்ரோ எஸ்டி அடாப்டருக்குள் சொருகினால் முழு எஸ்டி கார்டுதான், கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. அடாப்டரில் சர்க்யூட் எதுவும் கிடையாது, வெறும் கம்பி இணைப்புதான், அதனால் அது பெரிய கார்டைச் சின்னதாக்கியும் காட்டாது, 32 ஜிபி மைக்ரோ கார்டை அதில் போட்டால் பழைய கதைதான். அங்கே இருந்து அள்ளிக்கொண்டு வந்ததில் ஒன்றில் யாரோ ஒருவரின் காதுகுத்து வீடியோ இருந்தது, அழித்துவிட்டேன். நீங்களும் பழைய கார்டு விற்பதாக இருந்தால் அழித்துவிட்டு விற்றுத் தொலையுங்கள்.

2 ஜிபி கிடைத்தாலும் சில கேமரா முரண்டு பிடிக்கும். 2 ஜிபி கார்டு தன் கொள்ளளவைச் சொல்லும்போது 1024 பைட் பிளாக் கணக்கில் சொல்கிறது, எல்லாம் 512 தான் என்று நம்பி எழுதப்பட்ட கேமராவோ ரீடரோ அதை 1 ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் குழம்பிவிடும். அதனால் 2002, 2003 வாக்கில் வந்த கேமரா என்றால் 1 ஜிபியோ 512 எம்பியோ தேடுவது புத்திசாலித்தனம். ஃபார்மட் செய்வதைக் கேமராவின் மெனுவிலேயே செய்யுங்கள். கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டும் என்றால், கார்டில் படங்களை அடுக்கி வைக்கிற முறை எது என்று கேட்கும், அங்கே ஃபேட் 32 வேண்டாம், வெறும் ‘ஃபேட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் ஃபேட் 16.

ஆன்லைனில் வாங்கிய ஒரு கார்டு 2 ஜிபி என்று அச்சடித்து வந்தது, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லை. முதல் கொஞ்சம் படங்கள் நன்றாக இருக்கும், அதற்கு மேல் எடுத்ததெல்லாம் பாதி சாம்பல் நிறம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3. கல்யாண வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் இதை ஒருதரம் ஓட்டிவிடுங்கள்.

இன்னொன்று, ‘கார்டு லாக்டு’ என்று வந்தால் பதற வேண்டாம். கார்டின் இடதுபக்க ஓரத்தில் இருக்கிற சின்ன தள்ளுபட்டன் பழைய அடாப்டர்களில் தளர்ந்து தானாகக் கீழே இறங்கிவிடும், சிலவற்றில் கழன்று விழுந்தே போயிருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டினால் போதும், பள்ளம் மூடியிருக்கிறதா என்பதை மட்டும்தான் கேமரா பார்க்கிறது.

இப்போது காம்பாக்ட் ஃபிளாஷ். தீப்பெட்டி அகலத்தில் சதுரமாக இருக்குமே, அது. 1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்தது. கேனான் பவர்ஷாட் ஏ70, நிக்கான் கூல்பிக்ஸ் 950 போன்றவற்றில் இதுதான். என்னைக் கேட்டால் பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான கார்டு கிடையாது, ஏனென்றால் கார்டுக்குள்ளேயே எழுதுவது படிப்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஒரு சிப், கன்ட்ரோலர், இருக்கிறது, கேமராவுக்கு அது ஒரு ஹார்டு டிஸ்க் மாதிரியே தெரியும், பேசுகிற முறையும் கடைசிவரை மாறவில்லை. இங்கே இருக்கிற தடை ஃபேட் 16-இன் 2 ஜிபி எல்லை மட்டும்தான், அதுவும் பழைய மாடல்களுக்கு. மேலே சொன்ன அந்தப் பார்ட்டிஷன் யோசனை இங்கேதான் பலிக்கும்: 4 ஜிபி கார்டில் 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பார்ட்டிஷன் போட்டு ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் பல கேமராக்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். எஸ்டி கார்டைச் சொருகிக் காம்பாக்ட் ஃபிளாஷாக மாற்றும் அடாப்டரும் இருக்கிறது. அதற்குள் ஒரு சிப் இருந்து எஸ்டிஹெச்சியோடு அது பேசிக்கொள்ளும், கேமரா பேச வேண்டியதில்லை. ஆனால் வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். டைப் 1 என்றால் 3.3 மில்லிமீட்டர், டைப் 2 என்றால் 5. அடாப்டர்களில் பல டைப் 2, சின்ன பாக்கெட் கேமராக்களில் பல டைப் 1. உள்ளே போகாது, போகாததை அமுக்கவும் கூடாது.

அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு கேமரா சாட்சியாக இருக்கிறது, வாங்கும்போதே அப்படி வந்தது. ஸ்லாட்டுக்குள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் இரண்டு வரிசையாக 50 ஊசிகள் நிற்கும். அதில் ஓரமாக ஒன்று மட்டும் பக்கத்து ஊசியின் தோளில் சாய்ந்து கிடந்தது. இன்சுலின் ஊசியின் முனையை உள்ளே விட்டு மெதுவாக நிமிர்த்தினேன், மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை, முறிந்தால் போர்டையே மாற்ற வேண்டும். நிமிர்ந்தது. இப்போது ஓடுகிறது. பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கேமரா விலை பேசும்போது லென்ஸைப் பார்ப்பதற்கு முன் இந்த ஊசிகளைப் பாருங்கள்.

இனி தலைவலிக்கு வருவோம். ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி என்று இன்னும் இரண்டு கார்டு வகைகள். இரண்டிலும் கன்ட்ரோலர் கிடையாது. வெறும் நினைவகச் சில்லு, அதன் மேல் தங்க நிறத் தகடு, அவ்வளவே. எங்கே எழுதுவது, கெட்டுப்போன இடத்தை எப்படி ஒதுக்குவது என்ற எல்லா வேலையையும் கேமராவே பார்க்கிறது. அதனால் கேமரா செய்யப்பட்ட நாளில் அதற்குத் தெரிந்த சில்லு வகை மட்டும்தான் அதில் ஓடும், இடையில் ஒரு அடாப்டர் வைத்து ஏமாற்றுவதும் எளிதில்லை. ஸ்மார்ட்மீடியா 128 எம்பியோடு நின்றுபோனது. அதிலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு சாதி, வெட்டிய மூலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ்டி 2002-ல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்தவை, 2 ஜிபி வரை வந்தது, ஆனால் 512 எம்பிக்கு மேல் போனவை எம், ஹெச் என்று வேறு வகை, ஆரம்பகால கேமராக்கள் சில அவற்றைத் தொடாது. மைக்ரோ எஸ்டியை எக்ஸ்டி ஸ்லாட்டில் போட ஒலிம்பஸே ஒரு அடாப்டர் விற்றது, அது ஒலிம்பஸின் சில மாடல்களில் மட்டும் ஓடும், ஃபியூஜியில் ஓடவே ஓடாது. இந்த இரண்டு வகையையும் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யாதீர்கள். கார்டு தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிற பகுதியே அழிந்துபோக வாய்ப்பிருக்கிறது, அப்புறம் கேமரா அதை ஏறெடுத்தும் பார்க்காது.

ஆகவே யாராவது ‘ஃபியூஜி ஃபைன்பிக்ஸ், சூப்பர் கண்டிஷன், கார்டு மட்டும் இல்லை’ என்று சொன்னால் அந்த ‘மட்டும்’ கேமரா விலையைவிடப் பெரியதாக இருக்கலாம். 2007 வாக்கில் ஃபியூஜி எக்ஸ்டியும் எஸ்டியும் ஒரே ஸ்லாட்டில் போகிற மாதிரி சில மாடல்கள் விட்டது, கிடைத்தால் அதைப் பிடியுங்கள். கார்டே கிடைக்காத கேமரா என்றால் உள்நினைவகம் இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் பத்துப் பதினைந்து படம் கொள்கிற அளவுக்கு இருக்கும், கேபிளில் இறக்கிக்கொள்ளலாம். கேபிளும் ஒரு வம்பு, மினி யுஎஸ்பி போலவே தெரிகிற 8 பின் கேபிள் ஒன்று நிக்கான் மாடல்கள் பலவற்றுக்கு வேண்டும், 5 பின் கேபிள் அதில் உட்காராது.

சோனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளமான பழைய மெமரி ஸ்டிக் மட்டும் எடுக்கிற கேமரா என்றால் 128 எம்பியோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். அதற்கப்புறம் வந்த மெமரி ஸ்டிக் ப்ரோ டியோ எடுக்கிற கேமரா என்றால் யோகம், மைக்ரோ எஸ்டியை அதில் மாற்றிப் போடும் அடாப்டர் சல்லிசாகக் கிடைக்கிறது, அதே கார்டைப் போட்டு வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகள் புண்ணியத்தில்.

1 ஜிபி போதுமா என்று கேட்பார்கள். 3 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் ஒன்று, ஒன்றரை எம்பி. 1 ஜிபியில் எப்படியும் 600, 700 படம். மூன்றுமாவடியில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு நின்று விடியவிடிய எடுத்தாலும் கார்டு நிறையாது, அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். சாதா பென்சில் செல் போடாமல் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது தேவை ஒரு ஸ்மார்ட்மீடியா கார்டு, 3.3 வோல்ட். மதுரை சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு டிராயரிலாவது கிடந்தால் சொல்லுங்கள், 16 எம்பியாக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.