டிஃபெண்டரும் ஹேண்ட்பிரேக் சோதனையும்

இங்கிலாந்தில் காருக்கு 3 வயது முடிந்தால் வருடாவருடம் எம்ஓடி (MOT) சோதனை உண்டு, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை. என் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரைக் கொண்டுபோகும்போது நான் முதலில் சொல்வது, "பிரேக் சோதிக்கச் சக்கரங்களைச் சுழற்றும் ரோலர் மேல் ஏற்ற வேண்டாம், இது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி" என்பதுதான். ஒரு அச்சின் சக்கரங்களை மட்டும் ரோலர் சுழற்றினால் அந்த விசை மறு அச்சுக்கும் போகும். வண்டி ரோலரை விட்டே ஏறிவிடலாம். அதனால் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று அளக்கும் டிசெலரோமீட்டரை வைத்துச் சாலையில் ஓட்டித்தான் பார்ப்பார்கள்.

இதன் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் ஒரு பிரேக் டிரம்; அது பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டான பின் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஓடும்போது வெடுக்கென்று இழுத்தால் மொத்த டிரான்ஸ்மிஷனும் அதிரும். பொறுமையாக இழுக்கிற பரிசோதகர் கிடைத்தால் பாக்கியம்! தேற வேண்டிய பிரேக் திறன் (வண்டி எடையோடு ஒப்பிட்ட பிரேக் விசை) 16 சதவீதம்தான், ஃபுட்பிரேக்கோடு ஒப்பிட்டால் சொற்பம். அதற்கும் தேறவில்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளை அல்ல, டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை (seal). அங்கே கசிந்தால், டிரம்முக்குள் அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிவிடும், அப்புறம் எவ்வளவு டைட் செய்தாலும் பிடிக்காது. ஆயில் சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.