கம்பி இழுத்தவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர்

புது வீடு கட்டி முடித்து ஈபி கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் என் கடைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வயர் வாங்கியாச்சு, சுவிட்ச் வாங்கியாச்சு, வேலையும் முடிந்தாச்சு, அப்புறம் வந்து நிற்பார்கள்: "அண்ணாச்சி, டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட ஆள் இருக்கா, எவ்வளவு கேப்பாவ?" சேரன்மகாதேவிக்கும் அம்பைக்கும் நடுவில் இத்தனை காலமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு இன்னும் பழகவில்லை. கேட்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கேட்பவர்மேல் கோபம் இல்லை, ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்த்தால் தெரியும். இந்த வயரிங் வேலை என் பொறுப்பில் நடந்தது, இன்சுலேஷன் சோதித்தேன், எர்த் சோதித்தேன், மின்சாரம் கொடுக்கலாம் என்று உரிமம் பெற்ற ஒரு காண்ட்ராக்டர் உறுதி சொல்கிறார். ஆனால் அவர் அந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டார். வேலை பார்த்தவர் வேறு ஒருவர், நல்ல கைக்காரராகக்கூட இருப்பார், அவர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இருக்காது.

சட்டம் ஒன்றும் ஏனோதானோ என்று எழுதப்பட்டதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி என்று ஒன்று இருந்தது, பழைய ஆட்கள் இன்றைக்கும் 'ரூல் நாற்பத்தஞ்சு' என்றே சொல்வார்கள். 2003-இல் புது மின்சாரச் சட்டம் வந்தது, அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது, பிறகு 2023-இல் அதையும் மாற்றிப் புதிதாகப் போட்டார்கள். இத்தனை மாறியும் அந்த விதியின் சாரம் அப்படியே இருக்கிறது. வீட்டில் மின் வேலை நடந்தால் மூன்று பேர் இருக்க வேண்டும்: மாநில அரசிடம் உரிமம் வாங்கிய காண்ட்ராக்டர், நேரில் நின்று மேற்பார்வை பார்க்கத் தகுதிச் சான்று வாங்கியவர், கையால் வேலை செய்ய அனுமதி வாங்கிய வயர்மேன். பல்பு மாட்டுவது, ஃபேன் மாற்றுவது, ஃபியூஸ் போடுவது, கெட்டுப்போன சுவிட்சைக் கழற்றி வேறு மாட்டுவது, இதற்கெல்லாம் விலக்கு உண்டு. ஏசிக்குப் புதிதாக லைன் இழுத்தால் விலக்கு கிடையாது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நியாயமான பிரிப்பு. இருக்கிற பாயிண்டில் பொருளை மாற்றுவது வேறு, லோடையே மாற்றுவது வேறு.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம், சென்னை கிண்டியில் திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. தலைமை மின் ஆய்வாளரின் துறையோடு சேர்ந்தது. மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பியாளர் உதவியாளர் என்று தனித்தனித் தகுதிச் சான்றுகள். காண்ட்ராக்டர் உரிமம் வேண்டுமென்றால் இப்படிச் சான்று உள்ள ஆட்களைத் தன்னிடம் வேலைக்கு வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும், மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிப்பது), எர்த் டெஸ்டர் மாதிரியான கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும், காலம் தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும். ஈபி வேறு, இந்த வாரியம் வேறு என்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஈபிக்காரர் மீட்டர் வரைக்கும்தான். மீட்டருக்கு உள்ளே வீட்டுக்காரர் பொறுப்பு, அந்தப் பொறுப்புக்குச் சாட்சிதான் காண்ட்ராக்டர் போடுகிற கையெழுத்து. அதைக் காசுக்கு வாங்கிவிட்டால் உள்ளே நடந்த வேலையை யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பார்த்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். என் கடையில் ஒரு மெக்கர் வைத்திருக்கிறேன், வேலை பார்க்கிற யார் கேட்டாலும் காசு வாங்காமல் கொடுத்து விடுவேன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் வயர்மேன் அண்ணாச்சி ஒருவர் அதை வாங்கிப் போனார், கூடவே நானும் போனேன். மெயினை இறக்கி, பல்பு எல்லாம் கழற்றி, சுவிட்சை எல்லாம் ஆனில் வைத்து, நியூட்ரல் லிங்க்கைப் பிரித்து, ஒரு முனையை பேஸிலும் இன்னொரு முனையை எர்த்திலும் கொடுத்து நிதானமாகக் கைப்பிடியைச் சுற்றினார். 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். புது வயரிங்கில் முள் கடகடவென்று மேலே ஓட வேண்டும். ஹால், படுக்கையறை எல்லாம் ஓடியது. குளியலறை ஹீட்டர் லைனில் முள் எழும்பவே இல்லை, எங்கோ கசிகிறது. ஈரச் சுவராக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். பைப் போன வழியைக் கையால் தடவிக்கொண்டே போனவர் கண்ணாடி மாட்ட அடித்திருந்த ஒரு ஆணியில் போய் நின்றார். ஆணியைப் பிடுங்கினால் நுனியில் செம்பு மினுங்குகிறது. அந்த ஆணியில்தான் நாளைக்கு யாராவது ஈரக்கையோடு துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். வயர் நல்ல வயர், என் கடையில் வாங்கியது, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. வேலையும் சுத்தமான வேலை. சோதித்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. இந்தச் சோதனையைச் செய்தேன் என்றுதான் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

எர்த் விஷயம் நம் பக்கத்தில் இன்னும் மோசம். எர்த் பைப் இரண்டரை மீட்டர் இறங்க வேண்டும் என்பது கணக்கு. நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் நாலடி தோண்டினால் பாறை தட்டும். ஆள் வைத்து உடைக்கச் செலவாகும், அதனால் பைப்பை அறுத்து இருக்கிற குழியில் நட்டு, உப்பும் கரியும் போட்டு மூடிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் மண் ஈரமாக இருக்கும்போது தப்பித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அதே குழியின் ரெசிஸ்டன்ஸ் எங்கேயோ ஏறிப் போயிருக்கும், ஆனால் எர்த் டெஸ்டரை எடுத்துக்கொண்டு சித்திரையில் யார் வரப்போகிறார்கள்? மேலே பார்த்தால் சிமென்ட் மூடி அழகாக இருக்கும். அதே மாதிரிதான் ஈஎல்சிபி, மின்சாரம் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஒன்றாகக் கலந்து விட்டால் அது சும்மா சும்மா விழும். காரணத்தைத் தேடிப் பிரிக்கத் தெரியாதவர் என்ன செய்வார், அதை பைபாஸ் பண்ணிவிட்டுப் போவார். பெட்டியில் ஈஎல்சிபி இருக்கும், வேலை செய்யாது. வீட்டுக்காரர் அது காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் சொல்லும்போது கார்டு (தகுதிச் சான்று) இல்லாத வயர்மேன்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்து கை சுத்தத்தில் ஐடிஐ படித்தவரைத் தூக்கிச் சாப்பிடுகிற ஆட்கள் உண்டு. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் பழைய மரச் சட்ட வயரிங்கை ஒரு ஓடு உடையாமல் கழற்றிப் புதுசாகப் போட்டுக் கொடுப்பவர்கள் அவர்கள். எட்டாவதோடு நின்று யாராவது மேஸ்திரியோடு கையாளாகப் போய், சுவரில் காடி வெட்டி, பைப் பதித்துத் தொழில் கற்றவர்கள். அவர்களில் பலர் நலவாரிய அட்டையை எடுத்துக் காட்டி "இந்தா கார்டு இருக்கே" என்பார்கள். அது கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் விபத்துக்கும் உதவி வாங்க உள்ளது, அது அவசியம் வேண்டும், ஆனால் வயரிங் வேலை பார்க்கிற அனுமதி அது இல்லை. இரண்டும் வேறு என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவர்களுக்காகத்தான் மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. வயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவம், 21 வயது முடிந்திருக்க வேண்டும், மேல் வயதுக்கு வரம்பு கிடையாது. நாற்பது வயதில் ஒருவர் போய் எழுதலாம், ஐம்பதிலும் எழுதலாம். இப்படி ஒரு வழி திறந்திருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அறிவிப்பு வருவது பேப்பரில் ஒரு மூலையில். ஐந்து வருஷம் வேலை பார்த்ததற்கு எழுத்தில் சான்று வேண்டும் என்றால், மேஸ்திரியிடமே காகிதம் கிடையாது, அவர் என்னத்தை எழுதிக் கொடுப்பார்? மெக்கர் வாங்கிப் போன அதே அண்ணாச்சியிடம் கேட்டேன். "நான் பள்ளிக்கூடத்த விட்டு எத்தன வருசம் ஆச்சு, இனிமே போயி என்னத்த எழுத?" என்றார். ஹீட்டர் லைனில் ஆணியைக் கண்டுபிடித்த மனிதர் அவர்! பரீட்சையில் கேட்பதும் இதைத்தானே, பேஸ் எது நியூட்ரல் எது, எர்த் எதற்கு, இந்த லோடுக்கு எத்தனை ஸ்கொயர் கனத்தில் வயர், ஷாக் அடித்தவரை எப்படி விலக்குவது.

கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போய் வந்த பையன்கள் கடைக்கு வந்தால், அங்கே கார்டு இல்லாமல் பேனல் கதவைத் திறக்கவே விடமாட்டார்கள் என்று சொல்வார்கள். அங்கே சொன்னபடி நிற்கிறவர் ஊருக்கு வந்ததும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைட் செட் கட்டும்போது ஜாயிண்டுக்கு டேப்கூடச் சுற்றாமல் விடுகிறார். கொடை என்றதும் சொல்லியே ஆக வேண்டும். சுடலைமாடன் கோயிலோ அம்மன் கோயிலோ, சீரியல் செட்டு, டியூப் லைட்டு, வேப்பமரத்தில் கட்டிய வயர், கீழே பொங்கல் வைத்த தண்ணீர், அதில் வெறுங்காலோடு சனம். தற்காலிகமானாலும் மின் வேலை மின் வேலைதான், அங்கேயும் அதே விதிதான். ஊர்க் கமிட்டியில் வரி பிரிக்கும்போது பூவுக்கும் வெடிக்கும் மேளத்துக்கும் கணக்கு எழுதுகிறவர்கள், சான்று உள்ள ஒரு வயர்மேன் ராத்திரி முழுக்க நிற்பதற்கும் ஒரு தொகை எழுத வேண்டும்.

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் 2003 சட்டத்தின் 161-ஆவது பிரிவுப்படி தகவல் கொடுக்க வேண்டும், மின் ஆய்வாளர் வந்து விசாரிப்பார். வயரிங் பார்த்தது யார் என்பது முதல் கேள்வி. காகிதத்தில் உள்ளவர் வீட்டைப் பார்த்ததில்லை, வீட்டைப் பார்த்தவர் காகிதத்தில் இல்லை. இதில் ரொம்பவும் நஷ்டப்படுவது வேலை பார்த்த வயர்மேன்தான். நல்ல வேலைக்கும் அவர் பெயர் கிடையாது, வேலையில் அவருக்கே ஏதாவது ஆனாலும் அவர் அங்கே வேலை பார்த்ததற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. கையெழுத்துப் போட்டவருக்கோ அரைமணி நேரத்தில் காசு வந்துவிட்டது.

மருந்துக் கடையிலும் இதே கதைதான் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், சில இடங்களில் அவர் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும். கவுன்சிலும் வாரியமும் எத்தனை வைத்தாலும், சான்றை ஆளிடமிருந்து பிரித்து வாடகைக்கு விட முடியும் என்று இருக்கிறவரை அதை நம்பி வருகிற ஜனத்துக்குப் பிரயோஜனம் இல்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். டெஸ்ட் ரிப்போர்ட்டில் காண்ட்ராக்டர் பெயரோடு, கையால் வேலை பார்த்த வயர்மேனின் பெயரும் சான்று எண்ணும் கட்டாயம் எழுத வேண்டும், மெக்கர் வைத்த நாளும் ஒவ்வொரு லைனின் ரீடிங்கும் எழுத வேண்டும், மொட்டையாக 'சரியாக உள்ளது' என்று விடக்கூடாது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, மீட்டர் போர்டு பக்கத்தில் நின்று கருவியின் முள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. உதவியாளர் தேர்வுக்கு முன்னால் பேட்டை ஐடிஐயிலும் அம்பை ஐடிஐயிலும் சாயங்கால வகுப்பு நடத்த வேண்டும், வேலை விட்டு வருகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்கிற நேரத்தில். அனுபவச் சான்றுக்கு வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுப்பதையும் ஏற்றுக்கொண்டால் எத்தனையோ பேருக்குக் கதவு திறக்கும். இப்போது கூரைக்குக் கூரை சோலார் ஏறுகிறது, பகலில் மெயினை இறக்கினாலும் மேலே பேனலிலிருந்து வருகிற டிசி நிற்காது, அதைத் தெரிந்தவர் கை வைக்கிற வேலை. இனிமேலும் தள்ளிப் போட நேரம் இல்லை.

வீட்டுக்காரர்களுக்கு: வேலை பேசும்போதே சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இல்லை என்றால் சான்று உள்ள காண்ட்ராக்டரை ஆரம்பத்திலேயே கூட்டி வாருங்கள், அவரும் உங்கள் வயர்மேனும் சேர்ந்து வேலை பார்க்கட்டும், கையெழுத்துக்குக் கொடுக்கிற காசை அவர் வந்து நின்று சோதிப்பதற்குக் கொடுங்கள். காண்ட்ராக்டர் கையில் மெக்கர் இல்லை என்றால் என் கடையில் இருக்கிறது.

வயர்மேன் தம்பிமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும்: அடுத்த அறிவிப்பு வந்ததும் கடை வாசல் போர்டில் ஒட்டி வைக்கிறேன். வயசுக்கு ஆதாரம், போட்டோ, எந்தெந்த வீட்டில் எந்த வருஷம் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம். அந்த அண்ணாச்சியிடமும் சொல்லியிருக்கிறேன், மகளிடம் கேட்டு வருகிறேன் என்றிருக்கிறார். பாடம் சொல்லிக் கொடுக்க ஓய்வு பெற்ற ஐடிஐ சார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.